லொத்தர் சீட்டு சந்திக்குச் சந்தி... திறைசேரி உண்டியல் எங்கே?

இலங்கையில் ஒரு நிதிக் கம்பனி கவிழ்ந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு கட்டுரை நிச்சயம் வரும். கம்பனியின் பெயர்தான் மாறும், மற்றதெல்லாம் அச்சொட்டாக அதே. சனத்துக்குப் பேராசை. சனத்துக்கு நிதியறிவு இல்லை. கூட வட்டி என்று ஆரோ சொன்னதும் முன்பின் யோசிக்காமல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். 2002இல் பிரமுக வங்கி மூடப்பட்டபோதும், 2008இல் கோல்டன் கீ விழுந்தபோதும், 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோதும் இதே பல்லவிதான். பிரமிட் திட்டக்காரரிடம் ஏமாந்தவர்களுக்கும் இதே அர்ச்சனைதான்.

திட்டி முடித்த பிறகு கடைசிப் பந்தியில் நல்வழி காட்டப்படும். பாதுகாப்பும் வேண்டும், ஓரளவு வட்டியும் வேண்டும் என்றால் அரசாங்கத்தின் திறைசேரி உண்டியலில் காசைப் போடுங்கள். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. எங்கே போய்ப் போடுவது, எவ்வளவு இருந்தால் போடலாம், முல்லைத்தீவில் இருப்பவர் யாரிடம் கேட்பது என்று ஒரு வரி இருக்காது. எழுதியவருக்குத் தெரியாமலில்லை. வாசிக்கிறவர் அதைச் செய்யப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துத் தமிழில் உண்டியல் என்றால் மூன்று. ஒன்று கோயிலில் இருப்பது. அதில் காசு போடப் படிவம் நிரப்பத் தேவையில்லை. இரண்டாவது, கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசு வந்து சேர்கிற உண்டியல். சட்டப்படி பிழை, ஆனால் வீட்டுப் படலை வரைக்கும் வந்துவிடும். மூன்றாவதுதான் திறைசேரி உண்டியல். மூன்றிலும் சட்டபூர்வமானது, அரசாங்கமே கையெழுத்திட்டது, வட்டி தருவது இது ஒன்றுதான். அதைக் கண்ணால் கண்டவர்கள்தான் குறைவு. (2004இலிருந்து அது கடதாசியில் அச்சடிக்கப்படுவதில்லை, எல்லாம் கணினிப் பதிவுதான். ஆகவே யாரும் காணமுடியாது என்பது வேறு கதை.)

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம் இது. 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணை. வெள்ளைக்காரன் காலத்தில், 1923ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. வட்டி தனியாகத் தரப்படுவதில்லை, விலையைக் குறைத்து விற்பார்கள். 100,000 ரூபா முகப்பெறுமதியுள்ள 91 நாள் உண்டியலை ஆண்டு வட்டி 8 வீதத்தில் வாங்கினால் இன்றைக்கு ஏறத்தாழ 98,000 கொடுக்கவேண்டும், மூன்று மாதத்தில் 100,000 திரும்பிவரும். அதே உண்டியல் 30 வீதத்தில் விற்கப்பட்டால் கொடுப்பது ஏறத்தாழ 93,000. இதற்கு மேல் கணக்கு எதுவும் இல்லை. சீட்டுப் பிடிக்கிற எந்த அம்மாவும் இதைவிடச் சிக்கலான கழிவுக் கணக்கை ஒவ்வொரு மாதமும் மனதுக்குள் போடுகிறார். அந்த அம்மாவுக்கு நிதியறிவு இல்லை என்று சொல்பவரை ஒரு நாள் சீட்டுக் கூறுகிற இடத்தில் கொண்டுபோய் இருத்தவேண்டும்.

வாங்குவதில்தான் வில்லங்கம். வாராவாரம், வழமையாகப் புதன்கிழமை, ஏலம் நடக்கும். அந்த ஏலத்தில் தனியாட்கள் நேரே கலந்துகொள்ள முடியாது. முதனிலை வணிகர் என்று அனுமதி பெற்ற சில வங்கிகளும் கம்பனிகளும், அவர்களோடு ஊழியர் சேமலாப நிதியமும் கேட்கலாம். மற்றவர்கள் எல்லோரும் அந்த வணிகரிடம் போய் இரண்டாந்தரச் சந்தையில் வாங்கவேண்டும். குறைந்தது எவ்வளவு கொண்டுவரவேண்டும் என்பதை அந்தந்த வணிகரே தீர்மானிப்பார். பல இடங்களில் பேச்சே இலட்சத்திலிருந்துதான் தொடங்கும். எந்த விலைக்கு விற்பது என்பதும் அவர் கையில். ஏலத்தில் போன வீதமும் வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் வீதமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

வங்கிக்கிளையில் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். "திறைசேரி உண்டியல் வாங்கவேணும்" என்று ஒருவர் யன்னலில் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அதேன் அண்ணை, நிலையான வைப்பில போடுங்கோவன், எங்கட வட்டியும் நல்லம்" என்பதுதான். உத்தியோகத்தரைக் குறை சொல்லி வேலையில்லை. கிளைக்கு வைப்பு இலக்கு இருக்கிறது, உண்டியல் விற்றதற்கு அவருக்கு யாரும் கைதட்டப் போவதில்லை. சிரிப்பு என்னவென்றால், வாடிக்கையாளர் போட்ட அந்த வைப்பில் ஒரு பகுதியை எடுத்து வங்கி செய்வது என்ன? திறைசேரி உண்டியல் வாங்குவது. இடையில் இருக்கும் வித்தியாசம் வங்கிக்கு. வியாபாரம் என்ற அளவில் அதில் தப்பில்லை. ஆனால் அந்த வங்கிக்காரர் கூட்டத்தில் ஏறி நின்று சனத்துக்கு நிதியறிவு ஊட்டவேண்டும் என்று பேசும்போதுதான் எரிச்சல் வருகிறது.

சரி, சாதாரண காலத்தில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு வீதம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்கலாம். சாதாரண காலத்தில் கேட்கலாம். 2022இல் கேட்கமுடியாது.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வரிசைகளுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தது. உலகம் கடன் தர மறுத்த அரசாங்கத்துக்கு வாராவாரம் உள்ளூரில் காசு தேவைப்பட்டது. தருகிறவர்கள் வட்டியை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2022 இறுதியில் 91 நாள் உண்டியல் 32 வீதத்துக்கு மேல், 364 நாள் உண்டியல் 29 வீதத்துக்கு மேல்!

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். 30 வீத வட்டி வாங்கியவரும் அந்த நேரத்தில் நட்டத்தில்தான் இருந்தார். ஆனால் 2022 கடைசியில் 364 நாளுக்குப் போட்டவரைப் பாருங்கள். 2023 யூலையில் பணவீக்கம் 6.3 வீதத்துக்கு இறங்கிவிட்டது, செப்ரெம்பரில் 1.3 வீதம். அவருடைய 29 வீதம் மட்டும் இறங்கவில்லை, முதிர்வு வரை அப்படியே. காசு இருந்தவர்கள், கொழும்பில் ஒரு வணிகரைத் தெரிந்தவர்கள், மடித்துப் போட்டு மடித்துப் போட்டு எடுத்தார்கள். அவர்கள் மீது பொறாமைப்பட இது எழுதப்படவில்லை. வாய்ப்பு இருந்தது, எடுத்தார்கள். யாருக்கு வாய்ப்பே காட்டப்படவில்லை என்பதுதான் கேள்வி.

ஹற்றன் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் 2021இல் பெரும் இழுபறிக்குப் பிறகு வந்தது. அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்ட நிர்வாகத்திடமிருந்து 12 வீதம், இரண்டும் சேர்ந்து ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகும். ஈ.பி.எப். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1958இன் 15ஆம் இலக்கச் சட்டம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாகும் வரை பொதுவாக அது பூட்டிய பெட்டி, இடையில் வீடு வைத்தியம் என்று ஒரு பங்கை எடுக்கலாம். அந்த நிதியத்தில் இருப்பது 3 டிரில்லியன் ரூபாவுக்கு மேல், 10இல் 9 பங்குக்கு மேலாக அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் போடப்பட்டிருக்கிறது. நடத்துவது மத்திய வங்கி.

ஆக, கொழுந்து கிள்ளும் அந்தப் பெண்ணும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்தான். கொழும்பு 7இல் இருந்து உண்டியல் வாங்கியவரும் கடன் கொடுத்தவர்தான். கடன்காரன் ஒருவனே. 2022ஆம் ஆண்டுக்கு ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 வீதம். ஒரு இலட்சம் ரூபாவுக்குப் பார்த்தால், அந்த ஆண்டின் கடைசியில் 364 நாள் உண்டியலில் போட்டவருக்கு வரப்போவது 29,000. ஈ.பி.எப். கணக்கில் அந்த ஆண்டுக்கு விழுந்தது 9,000. வித்தியாசம் 20,000. அந்தப் பெண்ணுக்கு அது 20 நாள் மலையேறி இறங்கிய கூலி. நிதியத்தின் காசு நீண்டகால முறிகளில் பழைய வட்டிக்குக் கட்டுண்டு கிடந்தது, உடனே மாற்றமுடியாது என்பது உண்மையான காரணம்தான். ஆனால் அப்படிக் கட்டி வைத்தது அவர் இல்லை.

அடுத்து நடந்ததுதான் முக்கியம்.

2023 யூன் கடைசியில் திடீரென்று வங்கி விடுமுறை, தொடர்ச்சியாக ஐந்து நாள். யூலை 1ஆம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்க 122க்கு 62 என்று வாக்களித்தது. அதற்குத் தமிழில் வைக்கப்பட்ட உத்தியோகபூர்வப் பெயர் "உகப்பாக்கம்". உகப்பு என்றால் மகிழ்ச்சி. மொழிபெயர்த்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

யார் உகந்தார்கள்? சந்தையில் இருந்த திறைசேரி உண்டியல்கள் தொடப்படவில்லை. தனியாள், வங்கி, வெளிநாட்டுக்காரர், யார் கையில் இருந்தாலும் முழுக் காசும் முழு வட்டியும் சொன்ன திகதிக்கு. மத்திய வங்கி கையில் இருந்த உண்டியல்கள் மட்டும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் கையில் இருந்த முறிகளும் தப்பின. வங்கிகள் ஏற்கனவே வரியாலும் வராக்கடனாலும் அடிபட்டவை, இன்னும் அடித்தால் கவிழும் என்று சொல்லப்பட்டது. மாட்டியவை ஓய்வுகால நிதியங்கள். ஈ.பி.எப்.புக்கு இரண்டு தெரிவு வைக்கப்பட்டது. கையில் உள்ள முறிகளில் குறித்த பங்கைக் கொடுத்துவிட்டுப் புது முறிகளை வாங்கவேண்டும், அவற்றுக்கு 2025 வரை 12 வீதம், பிறகு முதிர்வு வரை 9 வீதம். மாட்டேன் என்றால் வருமானத்துக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதம். இதைத் தெரிவு என்று சொல்வது, கத்தியா கோடாலியா என்று கேட்பதைத் தெரிவு என்று சொல்வது மாதிரி. அதையும் அங்கத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் நிதியத்தை நடத்துகிறவர்களே முறிகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? உண்டியலை விட்டுவிட்டு ஓய்வூதியத்தில் ஏன் கை வைத்தார்கள்? அரசாங்கம் கெட்டது, பணக்காரர் பக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், பதிவுலகில் அது சுலபமாகச் செல்லுபடியாகும். விசயம் அதைவிடக் கொஞ்சம் ஆழமானது. உண்டியல் மூன்று மாதத்தில் முதிர்கிறது. இந்தப் புதன்கிழமை ஒருவரை ஏமாற்றினால் அடுத்த புதன்கிழமை அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அரசாங்கம் பழைய உண்டியலுக்குக் காசு கட்டப் புது உண்டியல் விற்கமுடியாது, சம்பளம் நிற்கும், மருந்து நிற்கும். ஆகவே அவரைத் தொடமுடியாது. ஈ.பி.எப். அங்கத்தவர் எங்கே போவார்? அடுத்த மாதமும் 20 வீதம் வந்து விழுந்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. காசை எடுத்துக்கொண்டு எழும்பிப் போகக்கூடியவனுக்கு 30 வீதமும் மரியாதையும். போகமுடியாதவளுக்கு உகப்பாக்கம்.

நிதியறிவு பற்றிப் பேசுபவர்கள் இந்த ஒரு பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. திறைசேரி உண்டியலின் உண்மையான பெறுமதி அதன் வட்டியில் பாதி, மற்றப் பாதி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை "இனிக் காணும்" என்று சொல்லும் உரிமையில். அந்த உரிமை இலட்சக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இருக்கிறது.

மறுபக்கம் சொல்வதையும் கேட்கவேண்டும். அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. முதலாவது, ஒருவருடைய ஈ.பி.எப். மீதியிலிருந்தும் ஒரு சதமும் வெட்டப்படவில்லை, குறைந்தது 9 வீதம் தரப்படும் என்று உறுதி சொல்லப்பட்டது. உண்மை. இரண்டாவது, 2023க்கு ஈ.பி.எப். 13 வீதம் கொடுத்தது, 2024க்கு 11 வீதம். அதேநேரம் உண்டியல் வட்டி விழுந்து 2024 இறுதியில் 9 வீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே புது முறியின் 12 வீதம் சந்தையைவிட நல்லதாகப் போய்விட்டதே, பிறகென்ன அழுகை? இதுவும் எண்ணளவில் உண்மை.

ஆனால் இந்த எண்கள் கொஞ்சம் தள்ளி இருந்து தொடங்குகின்றன. 9 வீதம் கொடுத்த 2022ஐ விட்டுவிட்டு 2023இல் தொடங்கினால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட ஆண்டில் 9 வீதம் பெற்ற சேமிப்பின் பெறுமதி அந்த ஆண்டிலேயே கரைந்துவிட்டது, பிறகு வந்த 13ம் 11ம் அதைத் திருப்பித் தரவில்லை. ஒருவர் 2022இல் 55 வயதாகி ஈ.பி.எப். எடுத்திருந்தால் அவருக்கு அந்த 13 வீதத்தால் என்ன லாபம்? அடுத்தது, புது முறிகள் 2027இலிருந்து 2038 வரை முதிர்பவை. இன்னும் ஒரு நெருக்கடி வந்து வட்டி ஏறினால், 9 வீதத்துக்குக் கட்டுண்டு நிற்பது மறுபடியும் அதே பெட்டிதான். வட்டி விழுந்ததால் தப்பியதை முன்யோசனை என்று காட்டக்கூடாது. மழை பெய்யவில்லை என்பதற்காகக் கூரையில் ஓட்டை இல்லை என்றாகிவிடாது.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பார்கள். பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. திறைசேரி உண்டியலைத் தபாற்கந்தோரில் விற்கவேண்டும். 5,000 ரூபாவிலிருந்து. ஏலத்தில் போன சராசரி வீதத்துக்கே, இடையில் யாரும் கையை வைக்காமல். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கப் படிவம்.

நடக்கிற காரியமா? தேசிய சேமிப்பு வங்கியை எடுங்கள். 1971இன் 30ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. உப தபாலகங்களையும் சேர்த்தால் நாட்டில் ஏறத்தாழ 4,000 தபால் யன்னல்கள் இருக்கின்றன, அந்த வங்கியின் சேமிப்புப் புத்தகத்துக்குத் தபாற்கந்தோரில் காசு கட்டும் பழக்கம் எங்கள் பாட்டிமாருக்கே உண்டு. அந்த வங்கி திரட்டும் வைப்பில் குறைந்தது 60 வீதத்தை அரசாங்கப் பத்திரங்களில் போடவேண்டும் என்று அதன் சட்டமே சொல்கிறது. அதாவது பாட்டி தபாற்கந்தோரில் கட்டிய காசு ஏற்கனவே திறைசேரிக்குத்தான் போகிறது! பாட்டிக்கு ஒற்றை இலக்கச் சேமிப்பு வட்டி, அதே ஆண்டில் திறைசேரி கொடுத்தது முப்பது. பாதை போட்டு முடிந்திருக்கிறது. பாட்டியின் பெயரை மறுமுனையில் எழுதுவதுதான் பாக்கி.

சின்னத் தொகைக்கு நிர்வாகச் செலவு கட்டுப்படியாகாது என்பது வழமையான பதில். கடதாசி காலத்தில் சரி. இப்போது எல்லாம் மத்திய வங்கியின் கணினிப் பதிவேட்டில்தான் இருக்கிறது, ஒரு வரி கூடினால் என்ன செலவு? அதைவிட, இந்த அரசாங்கத்துக்குச் சின்னத் தொகை வாங்கிப் பழக்கமில்லையா என்ன? தேசிய லொத்தர் சபை, அபிவிருத்தி லொத்தர் சபை என்று இரண்டு வைத்திருக்கிறது. எந்தச் சந்தியிலும், பஸ் நிலையத்திலும், ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு லொத்தர்ப் பெட்டி. கூலிக்காரன் கையிலிருந்து சில்லறையை வாங்கி, சீட்டுக் கொடுத்து, இரவில் குலுக்கி, மறுநாள் பரிசு கொடுக்கும் அளவுக்கு இந்த அரசாங்கத்துக்குத் திறமை இருக்கிறது. வெல்லாத சீட்டை விற்க நாடு முழுக்க ஆள் உண்டு. நிச்சயம் திரும்பிவரும் சீட்டை விற்க மட்டும் ஆள் இல்லை, வசதி இல்லை, செலவு கட்டாது.

பக்கத்து இந்தியாவில் 2021 நவம்பரில் றிசேர்வ் வங்கி தனியாட்களுக்கு நேரடிக் கணக்குத் திறந்தது, 10,000 இந்திய ரூபா இருந்தால் திறைசேரி உண்டியல் ஏலத்தில் சேரலாம், முதனிலை வணிகர் யாரும் நடுவில் தேவையில்லை. அமெரிக்காவில் 100 டொலருக்கு வாங்கலாம். கென்யா 2017இல் கைத்தொலைபேசியிலேயே அரசாங்க முறி விற்றது, குறைந்த தொகை 3,000 சில்லிங். (கென்யாக் கதையை முழுதாகச் சொல்லவேண்டும். முதல் சுற்று விற்றுத் தீர்ந்தது, அடுத்த சுற்றில் இலக்கில் கால்வாசிதான் சேர்ந்தது. கடையைத் திறந்துவிட்டால் மட்டும் சனம் வந்து குவியாது, திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லவேண்டும். லொத்தர்க்காரன் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதைப் போல.)

வங்கிகளில் இருந்து வைப்பு எல்லாம் ஓடிவிடும் என்பது இன்னொரு பயம். இதில் பொருள் இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் எல்லோரும் ஒரே நாளில் வைப்பை எடுத்து உண்டியலுக்கு மாற்றினால் வங்கி தாங்காது, வங்கி விழுந்தால் முதலில் அடிபடுவதும் சாதாரண சனம்தான். அதற்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம். ஒரு அடையாள அட்டைக்கு 10 இலட்சம் என்று வைத்தால் பெரிய முதலைகள் இந்தப் பக்கம் வராது. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான் என்று வரம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் வைக்கத் தெரியும். உச்சவரம்புக்குள் ஓடுகிற சின்ன வைப்பைக்கூடத் தாங்கமாட்டோம் என்று ஒரு வங்கி சொன்னால், அந்த வங்கி நல்ல வட்டி கொடுக்கப் பழகட்டும்.

உண்டியல் ஆபத்தே இல்லாத பொருள் என்று சொல்லி விற்றால் அதுவும் மோசடிதான். 2023க்கு முன் உள்நாட்டுக் கடனில் கை வைக்கமாட்டோம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை முறிந்துவிட்டது. அடுத்த தடவை உண்டியலும் தப்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வட்டியிலிருந்து பிடிக்கும் வரி 2023 சனவரியில் 5 வீதம், 2025 ஏப்ரலில் 10 வீதமாகிவிட்டது. பணவீக்கம் தின்றுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அப்புறம், வணிகரிடம் வாங்குகிறவர் தன் பெயரிலேயே மத்திய வங்கியின் பதிவேட்டில் உண்டியல் ஏறியிருக்கிறதா, அல்லது மீள்கொள்வனவு என்ற பெயரில் அந்த வணிகருக்குக் கடன் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் படிவம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், வணிகர் விழுந்தால் வித்தியாசம் தெரியவரும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதி யன்னலில் ஒட்டக்கூடியவைதான்.

இந்தச் சந்தை இப்படி இருட்டாகவே இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் இல்லாமலில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி முறி ஏலம் ஞாபகமிருக்கும். ஒரு பில்லியன் ரூபா என்று விளம்பரம், ஏற்றுக்கொண்டதோ 10 பில்லியனுக்கு மேல், அள்ளிக்கொண்டு போனது அப்போதைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய முதனிலை வணிகர். பின்னர் சனாதிபதி ஆணைக்குழு வைத்து விசாரித்தபோது, ஈ.பி.எப்.பின் பெயரும் அந்தக் கொடுக்கல்வாங்கல்களில் அடிபட்டது. கதவு குறைவாக இருக்கும் வீட்டில் கதவோரம் நிற்பவனுக்குத்தான் வருமானம். 4,000 தபால் யன்னலில் வாராவாரம் அந்த வீதம் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், ஒரு ஏலத்தில் ஒன்று பத்தாவதை ஊரில் உள்ள பெட்டிக்கடைக்காரரே கேட்டிருப்பார்.

அரசாங்கத்துக்கும் இதில் நட்டமில்லை. 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு, ஏலத்தில் விற்காமல் போனதை மத்திய வங்கி காசு அச்சடித்து வாங்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. இனிக் கடன் வேண்டுமென்றால் யாராவது உண்மையான சேமிப்பை வைத்து வாங்கவேண்டும். வாங்குவது பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் மட்டும் என்றால் அவர்கள் சொல்லும் வட்டிதான் வட்டி, 2022இல் நாடு பார்த்தது அதைத்தான். வாங்குகிறவர்கள் கூடினால் அந்தப் பிடி தளரும்.

2024இன் 33ஆம் இலக்கச் சட்டத்தில் அரசாங்கக் கடனை முகாமை செய்ய நிதியமைச்சின் கீழ் தனி அலுவலகம் உருவாக்கப்பட்டிருக்கிறது. கடன் வாங்குபவருக்கும் ஈ.பி.எப்.புக்கும் ஒரே கட்டடத்தில் இருந்து கணக்கு எழுதிய காலம் இதோடு மாறவேண்டும். புது அலுவலகம், புதுக் கணினி, புதுப் படிவம் எல்லாம் தயாராகும்போது இந்த ஒரு யன்னலையும் சேர்த்துத் திறப்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. கூடவே இன்னொன்றும் செய்யலாம். ஈ.பி.எப். அங்கத்தவர் விரும்பினால் தன் புதிய பங்களிப்பில் ஒரு பகுதியை, கால்வாசி என்று வைப்போம், தன் பெயரிலேயே 364 நாள் உண்டியலாக வைத்துக்கொள்ள விடவேண்டும். 55 வயது வரை வெளியே எடுக்கமுடியாது என்ற பூட்டு அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆண்டுக்கொரு தடவை அந்தப் பங்கை மீண்டும் உண்டியலில் போடுவதா, நிதியத்தின் பொதுப் பெட்டிக்கே அனுப்புவதா என்று அவரிடம் கேட்கவேண்டும். 2023 யூலையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களில் ஒருவரிடமும் கேட்கப்படாத கேள்வி அது.